திண்டுக்கல்லிலிருந்து விமான நிலையத்திற்கு

திண்டுக்கல்லில் விமான நிலையம் இல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மதுரை நிலையம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 2024 ஜனவரியில் புதிய முனையம் கண்ட திருச்சி நிலையமோ 100 கிலோமீட்டருக்கும் மேல். வளைகுடா செல்லும் பேகம்பூர் இளைஞர் நள்ளிரவில் கைப்பேசிச் செயலி வழியே காரை அழைக்கிறார். ஓட்டுநர் இசைகிறார், பின்னர், வண்டி வெறுமையாகத் திரும்ப நேருமே என்றெண்ணி ரத்து செய்துவிடுகிறார். (டீசல் விற்கும் விலையில் அவரையும் குறை கூறுவதற்கில்லை.) பன்னாட்டு விமானங்களின் பதிவு முகப்பு புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படுவது வழக்கம். விசாக் கெடு முடியும் தறுவாயில் விமானம் தவறினால் வேலையும் தவறும்.

ஆகவே வாசக நேயர்களே, புறப்படும் பயணத்திற்கு உள்ளூர் வாடகைக் காரை முதல் நாளே பேசி வையுங்கள். சுங்கக் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் நாளில் செயலியை முயன்று பார்க்கலாம். மதுரையில் அத்தகைய கார்கள் மிகுதி, காத்திருக்கவும் நேரமுண்டு.