வேகம் கூட்டுவதற்கு முன்னால் உஷ்ணத்தைக் கவனியுங்கள்

வயசுப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ‘ஓவர்கிளாக்’ என்ற வார்த்தை என்றைக்காவது ஒருநாள் காதில் விழாமல் இருக்காது. பயப்படாதீர்கள் சகோதரிகளே, பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரின் மூளையான பிராஸஸர் ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது. அடிப்படைத் தாளம் 100 மெகாஹெர்ட்ஸ். அதை 36 மடங்காக்கினால் 3.6 கிகாஹெர்ட்ஸ், 40 மடங்காக்கினால் 4. கம்பெனியில் வைத்து அனுப்பிய அந்தப் பெருக்கல் எண்ணை நாம் கூட்டி வைப்பதுதான் ஓவர்கிளாக்.

என் மூத்த பிள்ளை கல்யாண வீடியோக்களை எடிட் பண்ணிக் கொடுத்துச் சம்பாதிக்கிறான். மெஷின், 2018-இல் வந்த ரைஸன் 5 2600. செகண்ட் ஹாண்டில் வாங்கியது. புதுசு வாங்குவதென்றால் தங்கையின் காலேஜ் ஃபீஸில் கை வைக்க வேண்டும். “இதையே கொஞ்சம் வேகமாக்கிக்கிறேம்மா” என்றான். “இருக்கிறதையும் எரிச்சுடப் போறான்” என்றார் இவர். எரியுமா எரியாதா என்று தெரிந்துகொள்ளாமல் சரி என்றோ கூடாது என்றோ சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எல்லா மெஷினும் இதற்கு இடம் கொடுக்காது. சாதாரண டெஸ்க்டாப் ரைஸன்களில் அந்தப் பெருக்கல் எண் பூட்டாமல் வரும். இன்டெல்லில் பெயர்க் கடைசியில் ‘கே’ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டும் ஒத்துக்கொள்ளணும், எங்களுடைய பி450 ஒத்துக்கொள்ளும், ஏ320 ஒத்துக்கொள்ளாது. மட்டமான எஸ்.எம்.பி.எஸ். போட்ட மெஷினில் கை வைக்காதீர்கள். வாரண்டி பாக்கியிருந்தாலும் பொறுத்திருங்கள். ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது.

முதலில் சுத்தம். பெட்டியைத் திறந்தால் ஃபேனில் ஒரு விரற்கடைத் தூசி! பிராஸஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பசை, கல்லில் ஒட்டின தோசை மாதிரி காய்ந்து கிடந்தது. இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். சற்றுநேரம் ஓடவிட்டு, சூடு இருக்கும்போதே ஆஃப் பண்ணி, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை மெதுவாக இப்படியும் அப்படியும் திருகி எடுக்கணும். நேராக இழுத்தால் இந்த மாதிரி பிராஸஸர் கூடவே பெயர்ந்து வந்து அடியிலுள்ள ஊசிகள் வளைந்துபோகும். பழசைத் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பசை வைத்து, பெரிய கூலர் ஒன்று மாட்டினோம். செலவு, இரண்டாயிரத்துச் சொச்சம். வேகத்தைத் தொடாமலே 88 டிகிரி வரை ஏறிக்கொண்டிருந்த உஷ்ணம் 68-க்கு இறங்கிற்று. என்னைக் கேட்டால் பாதிப் பிள்ளைகளுக்கு இதுவே போதும்.

ஆபத்து, வேகத்தைவிட வோல்டேஜில்தான் அதிகம். பிராஸஸர் இழுக்கும் பவர் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும்; பத்தாம் வகுப்புக் கணக்குத்தான். 3.6-லிருந்து 4-க்குப் போக 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கினால், வேகம் கூடுவது நூற்றுக்குப் பதினொன்று, சூடு கூடுவது நாற்பது! இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராஸஸர்கள் பழுதானதற்கும் மிஞ்சிய வோல்டேஜே காரணம் என்று 2024-இல் அந்தக் கம்பெனியே சொன்னது. அவற்றை ஓவர்கிளாக் பண்ணாதவர்களும் அவஸ்தைப்பட்டார்கள்.

அதனால் பயாஸில் வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விடாமல் நாமே ஒரு எண் வைத்துவிட்டோம். வேகத்தை ஒரு தடவைக்குக் கால் மடங்கு, அரை மடங்கு என்றுதான் ஏற்றினான். ஒவ்வொரு தடவையும் சினிபெஞ்ச் பத்து நிமிஷம், நின்றால் பிரைம்95 ஒரு மணி நேரம். இந்தப் பிராஸஸருக்குக் கம்பெனி சொல்லும் உச்ச உஷ்ணம் 95 டிகிரி. நான் 80-இல் கோடு போட்டேன். 4-இல் 77 காட்டிற்று. 4.1-இல் திரை உறைந்துவிட்டது. மெஷின் எழுந்திருக்கவே மறுத்தால் ப்ளக்கைப் பிடுங்கி, மதர்போர்டிலிருக்கும் காசு மாதிரி பேட்டரியைச் சில நிமிஷம் கழற்றி வையுங்கள். பழைய கணக்குக்குத் திரும்பிவிடும்.

“ஃப்ரெண்டோடது 4.2 போகுதும்மா. 1.45 குடுத்தா நம்மளதும் போகும்.”

“அவன் சிப் அவனுக்கு. ஒரே அச்சுல வார்த்த இட்லியே ஒண்ணு மாதிரி ஒண்ணு வர்றதில்ல. 4 போதும்டா.”

முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் அரைகுறையாக நிற்கிற மெஷின் சத்தமில்லாமல் ஃபைலைக் கெடுக்கும். யார் வீட்டுத் தாலி கட்டும் காட்சியோ போய்விட்டால் திரும்ப எடுக்க முடியுமா? ஒரிஜினலை வேறு டிஸ்க்கில் வைத்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் வேலையையே தொடங்குகிறான்.

பலன்? 42 நிமிஷம் பிடித்த வீடியோ 38-இல் முடிகிறது. நாலே நிமிஷம்தானா என்று இவர் சிரித்தார். ஒரு நாளைக்கு எட்டு வீடியோ போடுகிறவனுக்கு அரை மணிக்கு மேல் மிச்சம். எங்கள் திருச்சி வெயிலில் ஏப்ரல் பிறந்ததும் அவனே 3.8-க்கு இறக்கி, வோல்டேஜையும் 1.25 ஆக்கிவிட்டான். மழை வரட்டும், மறுபடி ஏற்றிக்கொள்கிறேன் என்கிறான்.