வலிக்காவிட்டால் நல்லதா?



"காலில் புண் இருக்குத்தான், ஆனா வலியே இல்ல" என்று சீனி வருத்தம் உள்ள பெரியவர்கள் சொல்வதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். கேட்டதும் நிம்மதியாகவும் இருக்கும். உண்மையில் பயப்பட வேண்டிய பேச்சு அது. ஏன் என்று கொஞ்சம் பார்ப்போம்.

நரம்புக் கலங்களின் மென்சவ்வில் மிக நுண்ணிய கதவுகள் இருக்கின்றன. முள் குத்தினால் அந்த இடத்து நரம்பில் மின் அழுத்தம் சற்று மாறும். உடனே கதவு திறந்து, வெளியில் இருக்கும் சோடியம் அயன்கள் உள்ளே பாயும். அந்த மாற்றம் அடுத்த கதவைத் திறக்கும். இப்படியே செய்தி முண்ணாணுக்கும், அங்கிருந்து மூளைக்கும் போகும். அப்போதுதான் "ஆ!" என்கிறோம்.

பல் கழற்றும்போது போடும் விறைப்பு ஊசியில் உள்ள லிடொகெயின் இந்தக் கதவுகளைத்தான் சற்று நேரம் அடைக்கிறது. பேத்தை மீனின் நஞ்சும் இவற்றைத்தான் அடைக்கிறது. அது உடல் முழுவதும் பரவி, மூச்சுக்கான தசைகளையும் நிறுத்திவிடுவதால் உயிர் போகிறது.

மனிதரில் இந்தக் கதவுகளில் 9 வகை உண்டு. அவற்றில் 1.7 என்று இலக்கமிட்ட வகைக்கு வலியில் பெரிய பங்கு இருக்கிறது. வட பாகிஸ்தானில் ஒரு சிறுவன் கையில் கத்தியைக் குத்தியும் நெருப்பில் நடந்தும் தெருவில் வித்தை காட்டினான். அவனுக்கு வலி என்பதே தெரியாது. 14 வயது நிறையுமுன் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து குதித்து மௌத்தாகிவிட்டான். அவனது சமூகத்தைச் சேர்ந்த 3 குடும்பங்களில் அதே நிலையிலுள்ள 6 பேரை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். தொடுகை, சூடு, குளிர் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தது. வலி மட்டும் இல்லை. எல்லோரின் உதட்டிலோ நாக்கிலோ தாங்களே கடித்த காயங்கள். அந்த 1.7 கதவு அவர்களிடம் வேலை செய்யவில்லை என்று 2006இல் வெளியிட்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிலரிடம் அதே கதவு மிக இலகுவாகத் திறந்துவிடும். கொஞ்சம் சூடு பட்டாலே கால் சிவந்து நெருப்பாய் எரியும். இதன் மரபணுக் காரணம் 2004இல் சீனாவில் கண்டுபிடிக்கப்பட்டது. வெளியில் காயம் இல்லாததால் வலியும் பொய் என்று ஆகாது. ஆகவே "நடிக்கிறாள்", "சும்மா சொல்றான்" என்று யாருடைய வலியையும் நாங்கள் தட்டிக்கழிக்கக் கூடாது.

சீனி வருத்தம் இந்தப் பரம்பரை நோய் அல்ல. அது காலப்போக்கில் நரம்பையே பழுதாக்குகிறது. சிலருக்கு இரவில் கால் எரியும், சிலருக்கு மரத்துப்போகும். மரத்த காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. புண் உள்ளே பரவி, கடைசியில் காலை எடுக்கும் நிலையும் வரலாம்.

எனவே வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்ப்போம். ஐந்து வேளையும் வுழூ செய்யும்போது காலைக் கழுவுகிறோம். அப்படியே உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்த்து, ஈரத்தைத் துடைத்துக்கொள்வோம். புண் கண்டால், வலிக்காவிட்டாலும், அன்றைக்கே வைத்தியரிடம் போவோம்.

வீட்டில் சீனி வருத்தம் உள்ள வாப்பாவோ மூத்தம்மாவோ இருந்தால், அவர்களுக்குக் குனிந்து பார்ப்பது கஷ்டம். இன்றிரவு பிள்ளைகள் ஒருமுறை அவர்களின் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள்.