சின்னதுதானே டாக்டர்?

1/
போன வாரம் துபாயில் இருக்கும் பள்ளித் தோழன் ஒருத்தன் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினான். மேஜை மேல் இரண்டு கியூபா சுருட்டு. ஒன்று கட்டைவிரல் தடிமன், கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம். இன்னொன்று கொஞ்சம் ஒல்லி, ரெண்டு அங்குலம் குட்டை. கீழே ஒரு கேள்வி:

"டேய் டாக்டர், இங்க ரூம்ல பெரிய சண்டை. பெருசு பெஸ்ட்டா, சின்னது பெஸ்ட்டா? உடம்புக்கு எது பரவாயில்லன்னு நீ தீர்ப்பு சொல்லு."

பதில் டைப் பண்ணப் பண்ண நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் இதே கேள்வியை நசரத்பேட்டையில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களும் வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். ஒருமுறை நான் அதற்குத் தப்பான பதில் சொல்லியிருக்கிறேன்.

2/
முதலில் அவர்கள் சண்டை என்னவென்று பார்ப்போம்.

கியூபா சுருட்டை இரண்டு அளவால் சொல்வார்கள். ஒன்று நீளம். இன்னொன்று தடிமன், அதற்கு ரிங் கேஜ் என்று பெயர். ஒரு அங்குலத்தை 64 பங்காகப் பிரித்து, அதில் எத்தனை பங்கு தடிமன் என்ற கணக்கு. 'சர்ச்சில்' என்ற அளவு 178 மில்லிமீட்டர் நீளம், 47 ரிங். 'ரொபஸ்டோ' 124 மில்லிமீட்டர்தான், ஆனால் 50 ரிங், குண்டு. 'மரேவா' 129 மில்லிமீட்டர், 42 ரிங். என் நண்பன் அனுப்பிய சின்னது இதுதான்.

3/
பெரிய சுருட்டுக் கட்சி சொல்வது: தடிமனாக இருந்தால் உள்ளே பலவிதமான இலைகளை வைத்துச் சுருட்டலாம். புகை சூடில்லாமல் வரும். ஆரம்பத்தில் ஒரு ருசி, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் நிதானமாக உட்காரலாம்.

சின்ன சுருட்டுக் கட்சி சொல்வது: ஒல்லியாக இருந்தால்தான் மேலே சுற்றிய இலையின் ருசி நன்றாகத் தெரியும். அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். அலுக்காது. விலையும் குறைவு.

ருசி விஷயத்தில் இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். அதில் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

4/
இரண்டு கட்சிக்கும் பெரிய தலைவர்கள் உண்டு. பெருசுக்கு வின்ஸ்டன் சர்ச்சில். அந்த ஏழு அங்குல அளவுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சின்னதுக்கு ஜான் கென்னடி. 1962 பிப்ரவரியில் கியூபா மீது வர்த்தகத் தடை போட வேண்டிய நேரம். அதற்கு முன்னால் தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டு, தனக்குப் பிடித்த 'பெட்டி அப்மன்' சுருட்டு ஆயிரம் வாங்கி வரச் சொன்னாராம். மறுநாள் காலை 1,200 கிடைத்தது என்று சொன்ன பிறகுதான் தடை உத்தரவில் கையெழுத்துப் போட்டார் என்று சாலிஞ்சரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெட்டி அப்மன், பெயரிலேயே இருக்கிறது, சின்ன வகை.

5/
இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சமாச்சாரம் என்று நினைக்காதீங்க. ஆங்கிலத்தில் 'செரூட்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அது நம்ம 'சுருட்டு'தான். திருச்சி சுருட்டு ஒரு காலத்தில் லண்டன் வரைக்கும் பிரபலம். 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலைகாரன் பிடித்தது திருச்சி சுருட்டு என்று சாம்பலைப் பார்த்தே ஹோம்ஸ் சொல்லிவிடுவார். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனிக்குச் சுருட்டுத் தொழிற்சாலையே இருந்தது.

எங்க தாத்தாவும் உறையூர் சுருட்டுதான். பாதி பிடிப்பார், அணைப்பார், காதில் செருகிக்கொள்வார். மிச்சம் சாயங்காலத்துக்கு. யாராவது கேட்டால், "ஒரு வேளைக்கு அரைச் சுருட்டுதான்யா" என்பார். ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று யாரும் கேட்டதில்லை.

6/
இப்போ எங்க ஏரியாவுக்கு வாங்க.

வெளிவட்டச் சாலையும் பெங்களூர் ஹைவேயும் சந்திக்கிற இடம் நசரத்பேட்டை. ராத்திரி பகல் லாரி ஓடும். டீக்கடை, பக்கத்திலேயே பெட்டிக்கடை. அங்கே கொஞ்ச நேரம் நின்றால் காதில் விழுவது இரண்டே வார்த்தை: "ஒரு கிங்ஸ்", "ஒரு சின்னது".

இந்தச் சின்னது எப்படி வந்தது தெரியுமா? நம் நாட்டில் சிகரெட்டுக்குப் பல காலமாக நீளத்தை வைத்துத்தான் வரி. 65 மில்லிமீட்டருக்குள் ஒரு வரி, 70க்குள் ஒன்று, 75க்குள் ஒன்று. நீளம் கூடினால் வரி கூடும். குட்டையாகச் செய்தால் விலையைக் கட்டுப்படுத்தலாம். ஆக, அந்தச் சின்ன சிகரெட் உங்கள் நுரையீரலை நினைத்துச் செய்த அளவு இல்லை. வரியை நினைத்துச் செய்த அளவு.

7/
ஆனால் கிளினிக்கில் அது வேறு மாதிரி வந்து உட்காரும்.

"சிகரெட் பிடிப்பீங்களா?"
"பிடிப்பேன் டாக்டர். ஆனா சின்னதுதான்."

பீடி பிடிக்கிறவர் "சிகரெட்லாம் இல்ல சார், பீடிதான்" என்பார். நாலு பேர் கூடினால் மட்டும் பிடிக்கிறவர் "ஒண்ணே ஒண்ணு" என்பார். எல்லோருடைய பதிலிலும் ஒரு 'தான்' இருக்கும். அந்த 'தான்'ஐ நான் ஒருமுறை நம்பினேன்.

8/
2016. அவருக்கு அப்போது 48 வயது, சரக்கு வேன் ஓட்டுகிறவர். (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பிரஷர் இருந்தது. ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் கிங்ஸ். "விடுங்கண்ணா" என்று சொல்லி அனுப்பினேன்.

ரெண்டு மாதம் கழித்து மனைவியோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "கிங்ஸை விட்டுட்டேன் டாக்டர். இப்ப சின்னதுதான். அதுவும் அஞ்சு. கேட்டுப் பாருங்க இவகிட்ட."

இருபதிலிருந்து அஞ்சு. எனக்கும் சந்தோஷம். "சூப்பர்ணா, இப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க" என்றேன்.

அந்த அம்மா கேட்டார்: "அப்ப இனிமே பயம் இல்லையா டாக்டர்?"

வெளியில் கூட்டம். அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டே சொன்னேன்: "பயம் இல்லம்மா."

9/
அடுத்த வருஷம் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு போன். நெஞ்சில் பாறாங்கல் வைத்த மாதிரி வலி, இடது கை முழுக்கக் குடைச்சல், சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. ஆம்புலன்ஸை வரச் சொல்லிவிட்டு ஓடினேன். இ.சி.ஜி.யைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, மாரடைப்பு.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போனது போனதுதான். லோடு ஏற்றி இறக்கும் வேலை அதோடு முடிந்தது.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். அந்த அம்மா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"அஞ்சுதானே டாக்டர் பிடிச்சாரு? நீங்க பயம் இல்லன்னு சொன்னீங்களே?"

என்னிடம் பதில் இல்லை.

10/
இப்போது பதில் சொல்கிறேன்.

நாம் எல்லோரும் போடும் கணக்கு நேர்கணக்கு. இருபது பிடித்தால் நூறு பங்கு ஆபத்து, அப்போ ஒன்று பிடித்தால் ஐந்து பங்குதானே?

2018 ஜனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 141 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தினம் 20 சிகரெட் பிடிக்கும் ஆணுக்கு, பிடிக்காதவரைவிட மாரடைப்பு ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய 46 சதவீதம் தினம் ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது. பக்கவாதத்துக்கு 41 சதவீதம்.

ஐந்து இல்லை. பாதிக்குப் பக்கம்.

குறைந்த அளவு புகைகூட இதயத்துக்கு ஆபத்து என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம்தான். நான் அன்று யோசிக்காமல் பேசினேன், அவ்வளவுதான்.

11/
ஏன் இப்படி? நுரையீரல் புற்றுநோயில் அளவுக்கும், எத்தனை வருஷம் பிடித்தீர்கள் என்பதற்கும் பெரிய பங்கு உண்டு. அங்கே குறைத்தால் ஓரளவு லாபம் இருக்கிறது. ரத்தக்குழாய் அப்படி இல்லை. கொஞ்சம் புகை பட்டாலே ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பிக்கும், குழாயின் உள்சுவர் இளகும் தன்மையை இழக்கும். முதல் ஒன்றிரண்டு சிகரெட்டிலேயே கெடுதலில் கணிசமான பகுதி நடந்துவிடுகிறது. மீதிப் பதினெட்டு அதன் மேல் சேர்வது.

12/
இரண்டாவது விஷயம், நம் மூளை கில்லாடி. அதற்கு வேண்டிய நிகோட்டின் வந்தே ஆகணும். சிகரெட்டைக் குட்டையாக்கினால் ஆழமாக இழுப்பீர்கள், அதிக நேரம் உள்ளே வைத்திருப்பீர்கள், பஞ்சு சுடும் வரை விடமாட்டீர்கள். நீங்கள் வேண்டுமென்று செய்வதில்லை. தானாக நடக்கும். என் வேன்காரரின் 'அஞ்சு'ம் அப்படித்தான் இருந்திருக்கும்.

பீடியைப் பாருங்கள். ஒரு சிகரெட்டில் இருப்பதில் கால் பங்கு புகையிலைதான் இருக்கும். ஆனால் அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதிலிருந்து வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்கு இளைத்தவை அல்ல.

13/
துபாய் நண்பன் இப்போது குறுக்கே பேசுவான்: "நாங்க புகையை உள்ள இழுக்க மாட்டோமே டா. வாய்லயே வச்சு விட்டுடுவோமே."

உண்மைதான். உள்ளே இழுக்காத சுருட்டுக்காரருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சிகரெட்காரரைவிடக் குறைவு. ஆனால் சுருட்டுப் புகைக்குக் காரத்தன்மை அதிகம். நிகோட்டின் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் எல்லாம் அந்தப் புகையிலேயே ஊறும். ஒரு பெரிய சுருட்டில் ஒரு முழு சிகரெட் பாக்கெட் அளவு புகையிலை இருக்க முடியும். சிகரெட்டிலிருந்து சுருட்டுக்கு மாறியவர்கள் பழக்கதோஷத்தில் உள்ளேயும் இழுத்துவிடுகிறார்கள் என்பது வேறு.

14/
"சர்ச்சில் 90 வயசு வரைக்கும் இருந்தாரே?"

இருந்தார். நடுவில் 1949இல் ஒரு பக்கவாதம். 1953இல், பிரதமராக இருக்கும்போதே, இன்னொன்று. 1965இல் உயிர் போனதும் பக்கவாதத்தில்தான். எல்லாவற்றுக்கும் சுருட்டுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க.

சின்னதுக்கும் ஒரு ஆள் சொல்கிறேன். உளவியல் மேதை சிக்மண்ட் ஃபிராய்ட். அவருக்குப் பிடித்தது 'டிரபுக்கோ' என்ற ஆஸ்திரியச் சுருட்டு. சின்னது, காட்டம் குறைவு. ஆனால் ஒரு நாளைக்கு இருபது வரை போகும். 1923இல் வாய்ப் புற்றுநோய். அதன் பிறகு 16 வருஷத்தில் முப்பதுக்கும் மேல் அறுவை சிகிச்சைகள். அண்ணத்தை எடுத்துவிட்டுச் செயற்கைத் தட்டு வைத்தார்கள். பேசவும் சாப்பிடவும் கஷ்டப்பட்டார். அவர் ஒரு டாக்டரும்கூட.

15/
இதில்தான் சின்னதின் உண்மையான ஆபத்து இருக்கிறது. பெருசுக்கு ஒரு மாலைப்பொழுது வேணும், நாற்காலி வேணும், காசு வேணும். சின்னதுக்கு ஒரு சாக்கு போதும். டீக்குப் பின்னால், சாப்பாட்டுக்குப் பின்னால், டிராஃபிக்கில், முதலாளி திட்டினால். அதுவும் 'சின்னதுதானே' என்று மனசு சமாதானமாகிவிட்டால் விட வேண்டும் என்ற எண்ணமே வராது.

பெருசைவிடச் சின்னதில் நஞ்சு குறைவு. மறுக்கவில்லை. ஆனால் 'குறைவு' வேற, 'பரவாயில்ல' வேற. 2016இல் நான் அந்த அம்மாவிடம் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசிவிட்டேன்.

16/
இப்போது யாராவது "குறைச்சிட்டேன் டாக்டர்" என்றால் கண்டிப்பாகப் பாராட்டுகிறேன். அது சாதாரண முயற்சி இல்லை. உடனே அடுத்த கேள்வி: "ரொம்ப சந்தோஷம். எந்தத் தேதியில நிறுத்தறோம்?" அந்தத் தேதியை மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கிறேன்.

நிறுத்த நினைப்பவர்களுக்கு:

• அந்தத் தவிப்பு சில நிமிடம்தான் உச்சத்தில் இருக்கும். தண்ணீர் குடிங்க, நடங்க, யாருக்காவது போன் போடுங்க. தணிந்துவிடும்.
• நிகோட்டின் சூயிங்கம், பேட்ச், மாத்திரை எல்லாம் இருக்கிறது. மன உறுதி இருந்தால் போதும் என்று வீம்பு பிடிக்காமல் டாக்டரைக் கேளுங்க.
• தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது.
• முற்றிலும் நிறுத்திய ஒரு வருஷத்தில், புகையால் கூடிய மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. குறைப்பதில் கிடைக்காத லாபம் நிறுத்துவதில் கிடைக்கிறது.
• வாயில் ரெண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, குரல் கம்மல் இருந்தால் தள்ளிப்போடாதீங்க. நெஞ்சுவலி என்றால் உடனே 108.

17/
அந்த வேன்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து ஒன்றுகூடத் தொடவில்லை. மாதாமாதம் மாத்திரைக்கு வருவார். போன முறை சிரித்துக்கொண்டே சொன்னார்: "டீக்கடைப் பக்கம் போனா பெட்டிக்கடைக்காரன் இன்னும் சின்னது ஒண்ணை எடுத்து நீட்டறான் டாக்டர். வேணாம்னு சொல்லவே தனியா தெம்பு வேணும்."

அந்த அம்மா பக்கத்தில்தான் இருந்தார். அவரிடம் முன்பே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "நீங்க என்ன பண்ணுவீங்க டாக்டர்" என்று சொன்னார். பண்ணியிருக்கலாம். இன்னும் ரெண்டு நிமிஷம் பேசியிருக்கலாம்.

18/
இதையெல்லாம் சுருக்கி நண்பனுக்கு இப்படி அனுப்பினேன்: "ருசிக்கு எதுன்னு தெரியாது மச்சி. உடம்புக்கு ரெண்டும் வேணாம். உனக்கும் 46 ஆச்சு. ஊருக்கு வந்ததும் நேரா கிளினிக் வா, ஒரு இ.சி.ஜி. எடுத்துடலாம்."

ப்ளூ டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.

உங்க வீட்டிலும் "சின்னதுதான்" என்று சொல்கிற ஒருத்தர் இருந்தால், சண்டை போடாமல் இதைப் படிக்கக் கொடுங்க. படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க, எந்தத் தேதி என்று.