பேரு இருக்குதா?

“அங்கன்வாடி டீச்சர் வந்துட்டுப் போனாங்களாம்டி. வீடு பூட்டிக் கெடந்துச்சாம். இன்னொரு வாட்டி வர்றேன்னு எதிர்வீட்டு அத்தகிட்ட சொல்லிட்டுப் போயிருக்காங்க. என் பேரு போயிடுமா?”

போன நவம்பரில் ஒரு ராத்திரி அம்மா போனில் இப்படித்தான் ஆரம்பித்தாள். அப்போது அவள் கேளம்பாக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சித்தாள். நான் வேளச்சேரியில் ஒரு பெண்கள் விடுதியில். எங்கள் வீடு மரக்காணத்தில், பூட்டோடு.

மரக்காணத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது பாத்தி பாத்தியாகத் தண்ணீரும் வெள்ளைக் குவியல்களும் வருமே, அந்த இடம். நிறைய பேர் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். அந்தப் படங்களின் ஓரத்தில் கூடையும் தலையுமாகச் சின்னதாகத் தெரியும் பெண்களில் ஒருத்தி என் அம்மா.

உப்பு வெயிலின் விளைச்சல். தை பிறந்த பிறகு மழைத்தண்ணீரை இறைத்து, சேற்றை வாரி, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். பங்குனி, சித்திரையில் வேலை உச்சத்தில் இருக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் கழுவெளியும் பாத்தியும் ஒரே தண்ணீராகிவிடும். அதன் பிறகு சுமார் மூன்று மாதம் வேலை கிடையாது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பூட்டு தொங்கும். சிலர் கட்டட வேலைக்குப் போவார்கள், சிலர் கரும்பு வெட்ட.

வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிர திருத்தம் தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கியது. வீடு வீடாக வந்து படிவம் கொடுத்து, நிரப்பி வாங்கிக்கொண்டு போவார்கள். எங்கள் தெருவில் ஆள் இல்லாத நாட்களாகப் பார்த்து அது வந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. தேதி குறித்தவர்களின் நாட்காட்டியில் உப்பளம் இல்லை, அவ்வளவுதான்.

திருத்தமே தேவையில்லை என்றும் சொல்ல மாட்டேன். அப்பா செத்து ஆறு வருடம் ஆகிறது. அவர் பெயர் பட்டியலில் அப்படியே இருந்தது. நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு அதை எடுக்கச் சொல்ல மனசு வரவில்லை.

“ஊர்ல இல்லாட்டி பேர எடுத்துடுவாங்களா?” என்று கேட்டாள். சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 20-ஆவது பிரிவு: வழக்கமாக வசிக்கும் இடத்தை விட்டுத் தற்காலிகமாக வெளியே போயிருப்பதாலேயே ஒருவர் அந்த இடத்தில் வசிப்பவர் இல்லை என்று ஆகிவிடாது. சட்டம் முழுக்க அம்மா பக்கம்தான். ஆனால் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று அதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

படிவத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது. இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் தன் பெயர் எங்கே இருந்தது என்று குறிப்பிட வேண்டும். எங்கள் தெருவின் பழைய பட்டியலில் அப்பா இருந்தார், அம்மா இல்லை. கல்யாணமாகி வந்தபோது பெயரை மாற்றிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அவள் பிறந்த ஊர் வானூர்ப் பக்கம். அந்த ஊர்ப் பட்டியலை இறக்கி, மங்கலான பக்கங்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ராத்திரி ஒரு மணி இருக்கும், கிடைத்தது. பெயரின் கடைசி எழுத்து வேறு. வயது மூன்று குறைவு. தந்தை பெயர் தாத்தாவுடையது. மேல் வரியில் ஆயா. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்ட ஆயா, அந்தப் பட்டியலில் ஓட்டுப் போடத் தகுதியோடு இருந்தாள். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருந்தேன்.

அம்மாவுக்கு எதற்கு இவ்வளவு பதற்றம் என்று எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. யார் ஜெயித்தாலும் அவள் கூலியில் பெரிய மாற்றம் வந்ததில்லை. அதைக் கேட்டும்விட்டேன்.

“அன்னிக்கி ஒரு நாளுதான்டி என் பேர சத்தமா படிக்கிறாங்க” என்றாள்.

வாக்குச்சாவடியில் முதல் அலுவலர் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் குறித்துக்கொள்வார்கள். ஆள்மாறாட்டத்தைத் தடுக்கத்தான் அந்த நடைமுறை. அம்மா அதை வேறு விதமாகக் கேட்டிருக்கிறாள். உப்பளத்தில் அவளுக்குப் பெயர் கிடையாது, ‘எத்தினி ஆளு’ என்பதுதான் கணக்கு. 2019 ஏப்ரல் 18, 2021 ஏப்ரல் 6, 2024 ஏப்ரல் 19 என்று கடைசி மூன்று பெரிய தேர்தலும் உப்பு வாருகிற உச்சகாலத்தில்தான் வந்தன. தினக்கூலிக்கும் அன்று சம்பளத்தோடு விடுமுறை என்கிறது சட்டம். அவளுக்கு அப்படி யாரும் கொடுத்ததில்லை. விடியற்காலை மூன்று மணிக்குப் பாத்தியில் இறங்கி, பத்து மணிக்குக் கரையேறி, குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு போவாள்.

இங்கே என் கதையையும் சொல்லிவிட வேண்டும். 2024 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிவுகளை விடாமல் பார்த்தேன். எந்த மாநிலம் எந்தப் பக்கம் சாயும் என்று நண்பர்களோடு சண்டை போட்டேன். அதே வருடம் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, என் ஊரில் ஓட்டுப் போடப் போகவில்லை. பேருந்தில் கூட்டம் என்று அம்மாவிடம் சொன்னேன். “சரி விடு” என்றாள். அதைச் சொன்ன விதம் இப்போதும் ஞாபகத்தில் இருக்கிறது.

பேருந்து என்றதும் ஃபேனி லூ ஹேமர் நினைவுக்கு வருகிறார். மிசிசிப்பியில் ஒரு பருத்தித் தோட்டத்தில் 18 வருடம் வேலை பார்த்த கறுப்பினப் பெண். 1962 ஆகஸ்ட் 31 அன்று வேறு 17 பேரோடு பேருந்தில் இண்டியனோலா என்ற ஊருக்குப் போனார், வாக்காளராகப் பதிந்துகொள்ள. மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். அவரால் முடியவில்லை. திரும்பி வந்தால் தோட்ட முதலாளி, விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் கிளம்பு என்றார். அன்று ராத்திரியே அவர் கிளம்பிவிட்டார். அப்போது அவருக்கு வயது 44. என் அம்மாவைவிட ஒன்று குறைவு.

அப்படிப்பட்ட தேர்வுகளுக்கு 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் முடிவு கட்டியது. ஆனால் பல மாநிலங்களில் பெயரைப் பதிந்துகொள்ளும் பொறுப்பு இன்னமும் அந்தந்த மனிதர் தலையில்தான். ஒஹாயோ மாநிலத்தில் இரண்டு வருடம் ஓட்டுப் போடாதவருக்கு ஒரு கடிதம் அனுப்புவார்கள். அதற்குப் பதில் இல்லாமல், அடுத்த நான்கு வருடமும் அவர் ஓட்டுப் போடாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். இது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. நான் அங்கே இருந்திருந்தால் எனக்கும் கடிதம் வந்திருக்கும்.

நம் ஊர் தொடக்கம் வேறு மாதிரி. 1947 கடைசியில், அரசியலமைப்பு எழுதி முடிப்பதற்கு முன்பே, பட்டியல் தயாரிக்கும் வேலை தொடங்கிவிட்டது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், சொத்து வேண்டாம், 21 வயது ஆகியிருந்தால் போதும். அரசாங்கம்தான் வாசலுக்கு வந்து பெயர் கேட்டது. பிரிவினையில் ஓடிவந்த அகதிகள் என்ன தாளைக் காட்ட முடியும்? ‘இந்த ஊரில்தான் வாழப்போகிறேன்’ என்று அவர்கள் எழுதிக் கொடுத்ததை ஏற்றுச் சேர்த்தார்கள். முதல் பட்டியலில் சுமார் 17 கோடி பேர்.

அதிலும் ஓட்டை இருந்தது. வட இந்தியாவில் பல பெண்கள் அந்நியரிடம் பெயர் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவானார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் தராத சுமார் 28 லட்சம் பெண்கள் 1951-52 தேர்தலில் ஓட்டுப் போட முடியாமல் போனது. அவர் செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் முடிவுக்கு வரத் தெரியவில்லை. பெண்ணுக்குச் சொந்தப் பெயர் வேண்டும் என்றது பெரிய விஷயம். அதற்கான விலையைக் கொடுத்தவர்களும் அந்தப் பெண்கள்தான்.

அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ஊருக்குப் பேருந்து ஏறினாள். டீச்சர் மறுபடியும் வந்தார். அவரும் பாவம், மழையில் தெருத்தெருவாக நடந்து காலெல்லாம் சேறு. பழைய பட்டியலின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் நான் போனில் சொல்ல, அவரே எழுதிக்கொண்டார். அம்மா கையெழுத்துப் போட்டாள். அப்பாவின் படிவத்தில் ‘இறந்துவிட்டார்’ என்று எழுதச் சொன்னபோது மட்டும், “நீங்களே எழுதிக்கிங்க டீச்சர்” என்றாளாம்.

டிசம்பர் 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. 6 கோடியே 41 லட்சம் பேர் இருந்த இடத்தில் 5 கோடியே 43 லட்சம் பேர். நீக்கப்பட்ட சுமார் 97 லட்சம் பெயர்களில் 66 லட்சத்துக்கும் மேல், இடம் மாறியவர்கள் அல்லது அந்த முகவரியில் காணப்படாதவர்கள் என்ற கணக்கில் வந்தவை. அவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே குடிபெயர்ந்தவர்கள், எத்தனை பேர் மழைக்காலம் முடிந்தால் திரும்பி வருகிறவர்கள்? வாசலுக்கு ஒரு நாள் வந்து போகிறவரால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

அம்மா பெயர் இருந்தது. மூன்று வீடு தள்ளி இருக்கும் ஒரு குடும்பத்தின் பெயர்கள் இல்லை. கரும்பு வெட்டப் போனவர்கள். அவர்களுக்கு இரவு ஒரு மணிக்குப் பழைய பட்டியல் தேட ஆள் இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அந்த வீட்டுச் சித்தப்பாவுக்கும் சின்னம்மாவுக்கும் 6-ஆம் எண் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். முப்பது வருடமாக ஓட்டுப் போட்ட மனுஷன், புது வாக்காளருக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்தார். “பதினெட்டு வயசு ஆயிடுச்சி எனக்கு” என்றார். சின்னம்மா சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவோடு உப்பளம் வரைக்கும் நடந்தேன். பாத்திகளில் தண்ணீர் இறைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஓட்டு மை ஏன் சீக்கிரம் போவதில்லை தெரியுமா என்று கேட்டேன். அதில் இருக்கும் வெள்ளி நைட்ரேட், தோலில் இருக்கும் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்துப் பிடித்துக்கொள்கிறது என்று விளக்கினேன். அவள் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரேகை தேய்ந்துபோன விரல்கள், ரேஷன் கடை மெஷின் பாதி நாள் ஏற்காத விரல்கள்.

“அப்ப எனக்கு நல்லாதான் புடிக்கும்” என்றாள். பிறகு, “நீ இந்த வாட்டியாவது வருவியா?” என்று கேட்டாள்.

வருவேன் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.