எங்க படத்தோட பேரு ‘ஷிப்ட் பஸ்’

நாங்க நாலு பேரு சேர்ந்து எடுத்த நாலு நிமிஷப் படத்தைப் போன மாசம் எல்லாரும் பார்த்தீங்க. அதை எடுக்கும்போது கத்துக்கிட்டதை இங்கே எழுதுகிறேன்.

2022-ல் அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் போட ஆரம்பித்தார்கள். அப்போது நான் ஆறாம் வகுப்பு. சார்லி சாப்ளின் 1921-ல் எடுத்த ‘தி கிட்’ பார்த்தோம். அது பேசாத படம். ஆனாலும் அந்தக் குட்டிப் பையனை வண்டியில் ஏத்திக்கிட்டுப் போகும்போது வகுப்பே அழுதது.

இன்னொன்று எங்க டீச்சர் சொன்னாங்க. 1895-ல் பிரான்ஸ் நாட்டில் லூமியேர் சகோதரர்கள் டிக்கெட் போட்டுப் படம் காட்டினார்கள். அன்று காட்டியதில் ஒன்று, அவர்களுடைய தொழிற்சாலை கேட்டிலிருந்து ஆட்கள் வெளியே வருவது. ஒரு நிமிஷம்கூட இல்லை. வருகிறவர்களில் நிறைய பேர் பெண்கள். கேட்டதும் எனக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட் ஞாபகம் வந்தது. எங்க அம்மா அங்கே ஒரு கம்பெனியில் வேலை செய்யறாங்க. காலை ஷிப்ட்டுன்னா 4.45-க்கு பஸ்.

அம்மாவிடம் கேட்டேன். “இன்னாடி, என் மூஞ்சியப் போயி படம் புடிக்கிற? வேணாம்”னு சொல்லிட்டாங்க. அதனால் முகமே இல்லாமல் எடுத்தோம். டிபன் பாக்ஸ் மூடுற கை, செருப்பு, பஸ் லைட்டு. ஸ்டாண்டு கிடையாது. ரெண்டு செங்கல் நடுவுல போனைச் சொருகினோம். லூமியேர் கேமராவும் நின்ன இடத்துலயேதான் நின்னுச்சு. க்ளோஸ்-அப் வேணும்னா ஜூம் பண்ணாம நாமே கிட்டப் போனால் தெளிவா வரும். அப்படிக் கிட்டப் போனப்பதான் அம்மா விரல் நுனியெல்லாம் வெடிச்சிருக்கறதைப் பார்த்தேன். ரெண்டாவது ஷிப்ட் வாரத்துல அந்தக் கையாலதான் எனக்குச் சடை பின்னுறாங்க.

சத்தம்தான் பெரிய தொல்லை. கன்டெய்னர் லாரி விடாம போகும். அதனால் பேச்சைத் தனியா, போர்வைக்குள்ள உட்கார்ந்து பதிவு செய்தோம். லாரி சத்தத்தையும் தனியா எடுத்து, பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் மட்டும் சேர்த்தோம்.

எடுத்தது 50 நிமிஷம், வைத்தது 4. தம்பி வாசலைப் பார்க்கிற ஒரே காட்சியை, பஸ் வர்றதுக்குப் பக்கத்தில் வைத்தால் சந்தோஷமாத் தெரியுது. காலிப் பாய்க்குப் பக்கத்தில் வைத்தால் பாவமாத் தெரியுது. முகம் அதேதான்! ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் 100 வருஷத்துக்கு முன்பே இதைச் செய்து காட்டியிருக்கிறார். எங்களுக்குள்ள சண்டையே வந்தது. கடைசியில் காலிப் பாயை வைத்தோம். அவன் எழுந்து தேடும்போது அம்மா இருக்க மாட்டாங்க, அதுதான் உண்மை.

வீட்டில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்தாங்க. “அடுத்த தபா மூஞ்சியும் புடிச்சுக்கோ”ன்னாங்க.

அடுத்தது கொசஸ்தலை ஆத்துல கையால எறா புடிக்கிறவங்களைப் பத்தி எடுக்கப் போறோம். அவங்க வீட்டுப் பிள்ளைங்க யாராவது இருந்தா, முதல்ல வீட்டில் சம்மதம் கேட்டுட்டு எங்ககிட்ட சொல்லுங்க. செங்கல் தூக்கவும் ஆள் வேணும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி