நாவற்கனியும் நன்னீரும்

ஔவையார்க்கு முருகன் நாவற்கனி உதிர்த்த கதையை அறியாத தமிழர் இலர். மண்ணில் வீழ்ந்த கனியை எடுத்து ஊதிய மூதாட்டியிடம், கனி சுடுகின்றதோ என வினவினான் மரத்தின் மேலிருந்த சிறுவன். அச்சொல்லின் இருபொருள் நயத்தை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் நாமும் மகிழ்ந்து, மாணவரையும் மகிழ்விப்பதுண்டு. ஆயினும், ஊதினால் மணல் அகலும். மணலோடு ஒட்டிய நோய்க்கிருமி அகலுமோ? கதை எழுப்பாத இவ்வினாவை எம் இல்லம் எழுப்பிற்று.

எம் இளைய மகள் குடற்காய்ச்சலுற்று மூன்று வாரம் படுக்கையிற் கிடந்தாள். காரணம் கனியா, நீரா என மருத்துவராலும் அறுதியிட இயலவில்லை. அன்றுமுதல் பழம் கழுவுதல் எமக்கு ஒரு பாடமாயிற்று.

ஆனி, ஆடித் திங்கள்களில் கல்லூரி வாயிலில் ஓர் அம்மையார் கூடையில் நாவற்பழம் விற்பார். அவ்வப்போது நீர் தெளிப்பதால் பழங்கள் கருநீலமாய் மின்னும். மினுமினுப்புத் தூய்மைக்குச் சான்றன்று. தெளித்த நீர் எத்தகையது என்பதே கருதத்தக்கது. நாவற்பழம் மென்தோலினது. மரத்தினின்று உதிர்ந்த வேகத்தில் வெடித்தும் இருக்கும். வெடிப்பின் வழியே உட்புகுந்த அழுக்கை எந்நீரும் முற்றும் வெளிக்கொணராது. ஆதலின் வெடித்தவற்றை நீக்கி, எஞ்சியவற்றை ஓடும் நீரில் மெல்லத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். குழாய்நீர் ஐயத்திற்குரியதாயின் கொதித்தாறிய நீரே நன்று. அழுக்கு நீரில் கழுவுதல், கழுவாமையினும் தீதாகலாம்.

2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சைக்கும் இதுவே நெறி. அதன்மேற் படிந்த மெல்லிய வெண்படலத்தை மருந்தென அஞ்சுவோர் பலர். அது கனி தானே சுரந்த மெழுகு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையின் நீலம்பாரித்த திட்டுகளோ வேறு. மேலே படிந்த மருந்தில் ஒரு பகுதியை நீர் அகற்றும். உள்ளே ஊடுருவிய மருந்தை அகற்றாது. சவர்க்காரம் இடுதல் கூடாது. கனியின் தோல் அதனை ஈர்த்துக்கொள்ளும். உப்புநீர் எல்லாக் கிருமிகளையும் கொல்லும் என்பதும் உண்மையன்று. கொத்திலிருந்து பறிக்குமுன் கழுவுதல் நலம்; காம்பு நீங்கிய புண்வழியே அழுக்குநீர் உட்செல்லாது. உண்ணும் பொழுதிலேயே கழுவுக. கழுவி ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

1996ஆம் ஆண்டு குவாத்தமாலா நாட்டு ராஸ்பெரிப் பழங்களை உண்டு, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சைக்ளோஸ்போரா என்னும் ஒட்டுண்ணியால் வயிற்றுநோயுற்றனர். நீரால் எளிதில் நீங்காதது அவ்வொட்டுண்ணி. ஆகவே கழுவுதல் காப்பேயன்றி முழுக்காப்பன்று. பறிப்பவர்க்குக் கைகழுவ நன்னீரும், தோட்டத்திற்குக் கழிவு கலவாத பாசனமும் வாய்த்தாலன்றி, நம் வீட்டுக் குழாய் மட்டும் நம்மைக் காத்துவிடாது.

எனினும் அவ்வம்மையாரிடம் பழம் வாங்காதீர் என மாணவர்க்கு நாம் உரைப்பதில்லை. அக்கூடையே அவர்தம் வீட்டு உலை. வாங்குங்கள், வாயிலில் நின்றபடியே உண்ணாது, இல்லம் கொணர்ந்து கழுவி உண்ணுங்கள் என்பதே எம் வேண்டுகோள். அரைநாழிகைப் பொறுமை, மூன்று வாரப் படுக்கையைத் தவிர்க்குமெனின் அது மலிவான விலையன்றோ?