திருக்கேதார யாத்திரையும் ஒரு காற்று மெத்தையும்

இமயத்தின் மடியில், மந்தாகினி நதிக்கரையில் எழுந்தருளியிருக்கும் கேதாரநாதரை வாழ்நாளில் ஒரு முறையேனும் தரிசிக்க வேண்டும் என்று ஏங்காத சிவபக்தர் இருக்க முடியாது. பன்னிரு ஜோதிர்லிங்கத் தலங்களுள் ஒன்று அது. நம் தமிழகத்தாருக்கோ மேலும் ஓர் உரிமை உண்டு. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் திருக்காளத்தியில் இருந்தவாறே அத்தலத்தைப் பாடிப் பரவினர் என்பது மரபு. திருக்கேதாரம் என்று நாம் போற்றும் அந்தப் பாடல் பெற்ற தலம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது.

அத்தலத்தின் பெருமைகளைப் பெரியோர் பலர் எழுதியிருக்கின்றனர். அடியேன் இங்கே எழுதப்போவது மிகச் சாதாரணமான ஒரு பொருளைப் பற்றி. அது அந்த மலையில் இரவு நாம் படுத்துறங்கும் படுக்கை. படுக்கையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணலாம். அதைச் சரியாகத் தேர்ந்தெடுக்காத காரணத்தால், கோயில் வாசல் வரை சென்றும் என் மனைவி சுவாமி தரிசனம் பெறாமல் திரும்ப நேர்ந்தது. அந்தக் குறை தீர எங்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

முதல் யாத்திரை

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2019 வைகாசியில், நானும் மனைவியும் புறப்பட்டோம். ஹரித்வார், குப்தகாசி, சோன்பிரயாகை வழியாக கௌரிகுண்டம் சேர்ந்தோம். அங்கிருந்து மலைப்பாதை ஏறத்தாழ 16 கிலோமீட்டர். 2013-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் ராம்பாடா என்ற ஊரும் பழைய பாதையும் அடித்துச் செல்லப்பட்ட பின்னர், ஆற்றின் மறுகரையில் லிஞ்சோலி வழியாகப் புதுப்பாதை அமைத்திருக்கின்றனர். ஏற்றம் கடினம். மட்டக்குதிரையில் பாதி, நடையில் பாதி என்று நாங்கள் மேலே சென்றடைந்தபோது இருட்டிவிட்டது. தரிசன வரிசை நீண்டிருந்தது. அதிகாலையில் நிதானமாகத் தரிசிக்கலாம் என்று கூடாரத்திற்குச் சென்றோம்.

யாத்திரைக்கென்றே இரண்டு காற்று மெத்தைகளை வாங்கிச் சென்றிருந்தேன். ஊதினால் நான்கு அங்குலம் உயர்ந்து நிற்கும். தொட்டால் பஞ்சு போல் இருக்கும். மூட்டு வலியுள்ள மனைவிக்கு இதமாக இருக்கும் என்று எண்ணினேன். மேலே போர்த்திக்கொள்ள ஆளுக்கு மூன்று கம்பளிகள் கொடுத்தார்கள். ஆயினும் படுத்த சிறிது நேரத்திலேயே அவள் நடுங்கத் தொடங்கினாள். "என்னங்க, முதுகுதான் சில்லுனு இருக்கு. மேலே ஒண்ணும் தெரியலை" என்றாள். நான் என் கம்பளி ஒன்றையும் எடுத்து அவள் மேலேயே போர்த்தினேன். பயனில்லை.

நள்ளிரவில் தேநீர் கொண்டுவந்த முதியவர் ஒருவர், அவ்வூர் மலைவாசி, கூடாரத்தினுள் எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மனைவியை எழுந்து உட்காரச் சொல்லி, மேலே கிடந்த கம்பளிகளில் இரண்டை எடுத்து மெத்தையின் மீது விரித்தார். "குளிர் கீழிருந்து வருகிறது அம்மா" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு நடுக்கம் சற்றுக் குறைந்தது. ஆனால் இரவு ஏறக்குறைய கழிந்துவிட்டது.

விடியலில் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. தலைசுற்றல், மூச்சுத் திணறல். அந்த உயரத்தின் மெல்லிய காற்று ஒருபுறம், கண்மூடாமல் நடுங்கிய இரவு மறுபுறம். முகாமில் இருந்த மருத்துவர் உடனே கீழே அழைத்துச் செல்லுமாறு சொன்னார். கூடார வாசலில் நின்றபடி கோயிலின் சிகரத்தை நோக்கி அவள் இரு கைகளையும் கூப்பினாள். அவ்வளவுதான். "நீங்களாவது போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றாள். அவளை விட்டுவிட்டு எப்படிச் செல்வது? இருவரும் இறங்கினோம்.

தரையின் குளிர்

ஊர் திரும்பிய பின் அந்த முதியவரின் சொல் மனத்தை விட்டு அகலவில்லை. எங்கே தவறினோம் என்று விசாரித்து அறிந்தேன். செய்தி மிக எளியது.

நம் உடலின் வெப்பம் காற்றினால் மட்டும் குறைவதில்லை. தொட்டுக்கொண்டிருக்கும் குளிர்ந்த தரை அதை இடைவிடாது உறிஞ்சுகிறது. நாம் போர்த்தும் கம்பளி, தன் இழைகளுக்கிடையே காற்றைத் தேக்கி வைப்பதால்தான் வெப்பம் காக்கிறது. உடலுக்கு அடியில் அகப்பட்ட பகுதி நம் எடையால் நசுங்கிவிடுவதால் அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. விலையுயர்ந்த உறக்கப்பையானாலும் அடிப்பகுதியின் கதி இதுவே.

சரி, காற்று மெத்தைக்குள் நான்கு அங்குலக் காற்று இருந்ததே, அது ஏன் காக்கவில்லை? அங்கேதான் சூட்சுமம். அகன்ற அறைக்குள் அடைபட்ட காற்று ஓரிடத்தில் நிற்பதில்லை. நம் உடலால் சூடேறிய காற்றும் தரையால் குளிர்ந்த காற்றும் உள்ளுக்குள்ளேயே கலந்து சுழன்று, வெப்பத்தைத் தரைக்குக் கடத்திவிடுகின்றன. அந்தச் சுழற்சியைத் தடுக்க, நல்ல மெத்தைகளின் உள்ளே செயற்கை இழைப் பஞ்சையோ, பறவைத் தூவியையோ, வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மினுமினுப்பான மென்தகட்டையோ வைத்துத் தைக்கிறார்கள். நான் வாங்கியது ஒன்றுமே இல்லாத வெறும் காற்றுப் பை. கோடைக்கால மொட்டை மாடிக்கு ஏற்றது.

கடன் கேட்டு வருபவரின் பட்டுச் சட்டையைப் பார்க்காதீர்கள், கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இளம் அலுவலர்களுக்குச் சொல்லி வந்தவன் நான். மெத்தை வாங்கும்போது அதன் தடிமனைக் கண்டு ஏமாந்தேன்.

தேர்ந்தெடுக்கும் முறை

மெத்தைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. அதற்கு 'ஆர் வேல்யூ' என்று பெயர். வெப்பம் தரைக்குக் கசியாமல் எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. எண் கூடக் கூட வெதுவெதுப்பும் கூடும். முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம் போல் அளந்து வந்தது. 2018-ஆம் ஆண்டு ஏ.எஸ்.டி.எம். என்னும் தர அமைப்பு பொதுவான சோதனை முறை ஒன்றை வகுத்தது. அம்முறைப்படி அளந்ததா என்று கேட்டு வாங்குவது நல்லது. எண்ணே அச்சிடப்படாத மெத்தையை மலைக்குக் கொண்டுசெல்ல வேண்டாம்.

வெறும் காற்று மெத்தைக்கு இந்த எண் பெரும்பாலும் இரண்டைத் தாண்டாது. கேதாரத்தில் கோடையிலும் விடியற்காலைக் குளிர் மிகக் கடுமை. புரட்டாசி, ஐப்பசியிலோ தண்ணீர் உறையும். அத்தகைய இடத்திற்கு நான்கும் அதற்கு மேலும் உள்ளதே தகும். வயதானவர்களுக்கும், இயல்பாகவே குளிர் தாங்காத பெண்களுக்கும் ஒன்று கூடுதலாக இருப்பது நலம். இந்த எண்களைக் கூட்டலாம் என்பது இன்னொரு வசதி. இரண்டு எண்ணுள்ள மடிப்பு ஃபோம் விரிப்பைக் கீழே போட்டு, அதன் மேல் நான்கு எண்ணுள்ள மெத்தையை வைத்தால் ஆறு எண்ணின் பலன் கிடைக்கும். கூர்மையான கல் குத்தாமல் அந்த ஃபோம் காக்கும். மெத்தை ஓட்டையானாலும் அன்றிரவு கைகொடுக்கும்.

அடுத்தது சுகம். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு இடுப்பும் தோளும் தரையில் இடிக்காதிருக்க மூன்று அங்குலத் தடிமன் வேண்டும். வழக்கமான அகலம் 20 அங்குலம். நம் வயதினருக்கு 25 அங்குலமே வசதி. புரண்டால் கை கீழே விழாது. மேற்பரப்பு வழுக்காத துணியாக இருக்கட்டும். சில மெத்தைகள் அசைந்தால் காகிதம் போல் சலசலக்கும். கூடாரத்தில் உடன் உறங்குபவரை நினைத்து, கடையிலேயே படுத்துப் பார்த்து வாங்குங்கள். எடை அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோவுக்குள் இருந்தால் சுமப்பது எளிது.

மெத்தையை வாயால் ஊத வேண்டாம். அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். நம் மூச்சின் ஈரமும் உள்ளே தங்கிக் கெடுக்கும். இதற்கென்றே காற்றடைக்கும் பை ஒன்று மெத்தையுடன் வருகிறது. இல்லையெனில் தனியே கிடைக்கும். நிறைய ஊதிக் கல் போல் ஆக்காமல், படுத்த பின் சிறிது காற்றை வெளியேற்றினால் உடல் பதிந்து சுகமாக இருக்கும். குளிரில் உள்ளிருக்கும் காற்று சுருங்குவதால், மாலையில் ஊதியது இரவில் தொய்ந்து காணும். ஓட்டை என்று பயப்பட வேண்டாம். உறங்கும் முன் சற்று நிரப்பினால் போதும். பகலில் ஊதிய மெத்தையை வெயிலில் போட்டுவிடாதீர்கள். காற்று விரிந்து தையல் விட்டுவிடும். கற்பூரம், ஊதுவத்தி இரண்டையும் தள்ளியே வையுங்கள். ஒரு பொறி போதும்.

புறப்படுமுன் வீட்டுத் தரையில் மூன்று இரவுகள் அதில் உறங்கிப் பாருங்கள். காலையில் தொய்ந்திருந்தால் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி வரும் இடமே ஓட்டை. ஒட்டுத் துண்டு பையிலேயே இருக்கட்டும். தரையிலிருந்து எழும் பயிற்சியும் அப்போதே ஆகிவிடும். நேராக எழ முயலாமல் ஒருக்களித்து, முழங்காலில் ஊன்றி, பிறகு நிற்க வேண்டும்.

ஓர் ஐயமும் விடையும்

இரண்டாம் முறை இவற்றையெல்லாம் வாங்கி வைத்திருந்தபோது என் அண்ணா பார்த்துவிட்டுச் சொன்னார்: "யாத்திரை போறவனுக்கு மெத்தை எதுக்குடா? தரையில படுக்கறதுதானே விரதம்?"

நியாயமான கேள்வி. நானும் சில நாள் யோசித்தேன். பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், தியானம் செய்பவனின் ஆசனத்தைப் பற்றி பகவான் சொல்கிறார். தூய இடத்தில், மிக உயரமும் மிகத் தாழ்வும் இல்லாமல், தர்ப்பையும் மான்தோலும் துணியும் அடுக்கிய ஆசனம் அது. வெறும் தரையில் உட்கார் என்று அங்கே சொல்லவில்லை. நமக்கும் தரைக்கும் நடுவே அடுக்குகள் வேண்டும் என்பது நம் முன்னோர் அறிந்ததே. நம் ஊர்த் தரையில் படுப்பது விரதம். பனிமலைத் தரையில் படுத்து நோயுற்று, உடன் வந்தவரின் தரிசனத்தையும் கெடுப்பது விரதமாகாது. அப்பர் பெருமான் கால் தேய்ந்து, மார்பால் உந்திக் கயிலை நோக்கிச் சென்றார். அவருக்கு அது தகும். நம்மைப் போன்றோர்க்கு உடல் ஒத்துழைத்தால்தான் மனம் சந்நிதியில் நிற்கும். இதைச் சொன்னதும் அண்ணா சிரித்துவிட்டு, "அப்ப எனக்கும் ஒண்ணு வாங்கு" என்றார்.

மீண்டும் கேதாரம்

2022 புரட்டாசியில் மூவரும் புறப்பட்டோம். இம்முறை அவசரப்படவில்லை. குப்தகாசியில் இரண்டு இரவுகள், கௌரிகுண்டத்தில் ஓர் இரவு, லிஞ்சோலியில் ஓர் இரவு என்று உடலை உயரத்திற்குப் பழக்கியவாறே ஏறினோம். மெத்தை எவ்வளவு நல்லதானாலும் மருந்தாகாது. மூச்சுத் திணறினால் உடனே இறங்கிவிட வேண்டும் என்று எங்களுக்குள் உறுதி செய்துகொண்டோம்.

கேதாரத்தில் கூடாரத்தில் ஃபோம் விரிப்பையும் மெத்தையையும் அடுக்கினேன். முதியவர் கற்பித்தபடி ஒரு கம்பளியை மெத்தையின் மேல் விரித்து, மற்றவற்றைப் போர்த்தினேன். வெளியே மந்தாகினியின் இரைச்சல். சிறிது நேரம் கழித்து மெல்லக் கேட்டேன், "குளிருதா?" பதில் இல்லை. அவள் உறங்கிவிட்டிருந்தாள்.

அதிகாலை மூன்றரை மணிக்கு அவளே என்னை எழுப்பினாள். வரிசையில் நின்றோம். கருவறையில், எருதின் திமில் போன்ற வடிவில் எழுந்தருளியிருக்கும் சுயம்பு மூர்த்தியின் முன்னே அவள் நின்றபோது, மூன்று ஆண்டுகளாக என் பெயரில் நின்ற ஒரு கடன் தீர்ந்ததாக உணர்ந்தேன். அவள் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லையாம். "வந்துட்டேன்னு மட்டும் சொன்னேன்" என்றாள்.

வெளியே வந்ததும் அந்தத் தேநீர் முதியவரைத் தேடினோம். காணக் கிடைக்கவில்லை. கோயிலுக்குப் பின்னே, 2013 வெள்ளத்தில் உருண்டு வந்து ஆலயத்தைக் காத்து நிற்கும் பீமசிலையை வலம் வந்தபோது, அவர் யாராக இருந்தாலும் நலமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டோம்.

திருக்கேதாரம் செல்ல எண்ணும் அன்பர்களே, பிரசாதப் பையையும் மருந்துப் பையையும் கட்டும்போது, படுக்கையையும் கவனித்துக் கட்டுங்கள். உடன் வரும் முதியவர்களுக்கு முதலில் விரித்துக் கொடுங்கள். கேதாரநாதரின் அருளால் உங்கள் யாத்திரை இனிதே நிறைவேறட்டும்.